கூடுதல் வேலையை எங்கே எழுதுகிறீர்கள்?

(ஜலகண்டாபுரத்தில் கட்டட மேஸ்திரிகளும் சிறு ஒப்பந்ததாரர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாடக ஆசிரியர் ப. கண்ணன் தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்ட ஊர் இது. இங்கே பேசக் கிடைத்த வாய்ப்பை மதிக்கிறேன். எஸ்டிமேட் போடவும் பில் எழுதவும் எந்த மென்பொருளை வாங்கலாம் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டீர்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பெயர் உங்களுக்கு உதவாது. நீங்கள் செய்யும் வேலை என்ன, அதில் பணம் எங்கே நழுவுகிறது என்று பார்த்த பிறகுதான் எந்தக் கருவி அதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியும்.

இந்த வட்டாரத்தில், மேட்டூர், எடப்பாடி, தாரமங்கலம், நங்கவள்ளி வரைக்கும், சிறு ஒப்பந்ததாரர்கள் கையில் புது வீடுகளோடு ஆல்ட்ரேஷன் வேலையும் நிறைய இருக்கிறது. குழித்தறி இருந்த அறையில் குழியை நிரப்பித் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டுகிறீர்கள். விசைத்தறி ஓடிய கூடத்தை இரண்டு படுக்கையறையாகப் பிரிக்கிறீர்கள். ஓட்டு வீட்டின் முன்பக்கத்தை இறக்கிவிட்டு ஆர்.சி. தளம் போடுகிறீர்கள். பின்கட்டில் குளியலறை, வெளியே மாடிப்படி, மழை வந்தால் ஒழுகும் மொட்டைமாடி என்று வேலை நீளுகிறது. புது வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிடலாம். பழைய வீட்டில் அந்தப் பேச்சு நிற்காது. சுவரின் பூச்சைத் தட்டிப் பார்க்கும் வரை உள்ளே செங்கல்லா, மண் சுவரா என்பதே தெரியாது.

விசைத்தறிக் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். பல வருஷம் தறி ஓடிய தரையில் எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய் ஊறிய தளத்தின் மேல் புதுக் கலவை பிடிக்காது. ஊறிய ஆழத்துக்குக் கொத்தி எடுத்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். தறியின் அதிர்வில் சுவர் மூலைகளில் விரிசல் விட்டிருக்கும். மின் இணைப்பு தறிக்கான கட்டணத்தில் இருக்கும். குடியிருப்பாக்கினால் அதை மாற்ற வேண்டும். வீட்டுக்காரர் அழைத்துக் காட்டும்போது கண்ணில் படுவது நான்கு சுவரும் ஒரு தரையும் மட்டும். அன்று மாலையே வாயால் சொல்லும் தொகையில் இவற்றில் எதுவும் இருக்காது.

பூச்சு வேலையில் இது எவ்வளவு ஆகிறது என்று கணக்காகவே பார்ப்போம். 100 சதுர அடிச் சுவருக்கு 12 மில்லிமீட்டர் கனத்தில், ஒன்றுக்கு ஐந்து கலவையில் பூசினால், சேதாரம் சேர்க்காமல் சிமென்ட் முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். புதுச் சுவருக்கு இந்தக் கணக்கு சரி. பழைய சுவர் நூல் பிடித்தால் நேராக இருக்காது. பள்ளம் நிரப்பி ரசமட்டத்துக்குக் கொண்டுவரச் சராசரி 20 மில்லிமீட்டர் போகும். அப்போது அதே 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 1.2 மூட்டை. 1,500 சதுர அடிப் பூச்சு என்றால் 11 மூட்டைக்கு எஸ்டிமேட் போட்டவர் 18 மூட்டை வாங்குவார். பி-சாண்டும் அதே விகிதத்தில் ஏறும், கொத்தனார் கூலியும் ஏறும். எஸ்டிமேட்டில் கனம் எழுதப்படவில்லை என்பதைத் தவிர இதில் யார் மேலும் குறை இல்லை.

கனத்தை எழுதாத எஸ்டிமேட்டை எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளில் அச்சடித்தாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

அடுத்தது, உங்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு பேச்சு. வேலை பாதியில் இருக்கும். வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்வார்: "அண்ணா, அப்படியே அந்தச் சமையல்கட்டுச் செவுத்தையும் கொஞ்சம் பூசி விட்ருங்க. கலவைதான் இருக்குதே." நீங்களும், "அதுக்கென்னங்க அக்கா, செஞ்சிடலாம்" என்பீர்கள். மறுநாள் வெளியூரிலிருந்து மகன் போன் செய்து, ஒரு பிளக் பாயிண்ட் கூடுதலாக வேண்டும், குளியலறை டைல்ஸை லின்டல் மட்டத்துக்குப் பதிலாகத் தளம் வரை ஏற்றிவிடுங்கள் என்பார். அதற்கும் சரி என்பீர்கள். எல்லாம் நல்ல மனதோடு நடக்கிறது. கடைசிப் பில்லில் அந்தத் தொகை வரும்போது, "இதை எப்போ சொன்னீங்க?" என்ற கேள்வி வருகிறது. சுவர் பூசச் சொன்னது அவருக்கு நினைவிருக்கும்; அதற்குத் தனியாகக் காசு என்று சொன்ன நினைவு இருக்காது. உங்களுக்கும் அப்படிச் சொன்ன நினைவு இருக்காது, ஏனென்றால் நீங்கள் சொல்லவே இல்லை.

ஆல்ட்ரேஷன் வேலையில் லாபம் கரைவது பெரும்பாலும் இந்தக் கூடுதல் வேலையில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே மென்பொருள் தேர்வுக்கு என்னிடம் முதல் கேள்வி ஒன்று இருக்கிறது. கூடுதல் வேலையை, சொன்ன அன்றைக்கே, வேலை நடக்கும் இடத்தில் நின்றபடி, அளவோடும் தொகையோடும் தேதியோடும் பதிந்து, வீட்டுக்காரரின் போனுக்கு அனுப்பி, அவருடைய "சரி"யை வாங்கி, அதை மூல எஸ்டிமேட்டோடு சேர்த்து வைக்க இதில் முடியுமா? முடியும் என்றால் மற்ற வசதிகளைப் பார்க்கலாம். முடியாது என்றால் எவ்வளவு அழகான பில் அடித்தாலும் வேண்டாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. டல்ஹௌசி காலத்தில் 1854-ல் தொடங்கிய மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் கூடுதல் இனம், மாற்று இனம், அளவு வேறுபாடு என்று மூன்றையும் தனித்தனியாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் விலையை எப்படி முடிவு செய்வது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அரசு வேலை எடுத்தவர்களுக்கு எம்-புக் தெரியும். அந்த அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண் இருக்கும். தாளைக் கிழிக்க முடியாது. எழுதியதை அழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் ஒரு கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, அங்கேயே சுருக்கொப்பம் இட வேண்டும். பாலத்துக்கும் அணைக்கும் பயன்பட்ட அந்த ஒழுக்கம் ஒரு குளியலறை வேலைக்கும் வேண்டும் என்கிறேன். இந்த ஊருக்கும் அது அந்நியமானதில்லை. பாவு நூலையும் ஊடை நூலையும் எடை போட்டுக் கொடுத்து, நெய்த சேலையையும் எடை போட்டு வாங்கி, இரண்டையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய நெசவாளர்களின் பிள்ளைகள் உங்களில் பலர். கொடுத்ததும் வந்ததும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் கணக்கு பேசும்.

கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி இருக்கிறது. அவர்களுடைய கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்ற சுவடு தானாகப் பதிய வேண்டும், அதை அணைத்து வைக்க முடியக் கூடாது. தனி ஆளாகத் தொழில் செய்யும் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்த வசதி உள்ள மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். வீட்டுக்காரருக்கு அனுப்பிய எஸ்டிமேட்டைப் பிறகு சுவடில்லாமல் மாற்ற முடியும் என்றால், தகராறு வரும் நாளில் உங்கள் பேச்சுக்கு அது துணை நிற்காது.

அடுத்து அலகுகள். இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பெரும்பாலான பில்லிங் ஆப்கள் கடைக்காரருக்காகச் செய்தவை. பிஸ்கட் பாக்கெட், சோப்பு, சட்டை என்று எண்ணி விற்பவருக்கு அவை பொருந்தும். நம் தொழிலில் தளம் சதுரக் கணக்கு, ஒரு சதுரம் 100 சதுர அடி. எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. கைப்பிடியும் ஸ்கர்ட்டிங்கும் ஓட்ட அடி. வயரிங் பாயிண்ட் கணக்கு. கம்பியைத் துண்டாக எண்ணி, கிலோவில் வாங்குகிறோம்: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை, 8 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ. நீளம், அகலம், எண்ணிக்கை மூன்றையும் தனித்தனியாக எழுதினால் பெருக்கித் தரும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். வெறும் "அளவு 342" என்று போட்டால், அந்த 342 எங்கிருந்து வந்தது என்று மூன்று மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

டைல்ஸ் கணக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்கிறோம். பெட்டிக்கு நான்கு, ஆகவே 16 சதுர அடி என்று மனக்கணக்குப் போடுகிறோம். உண்மையில் அது 600 மில்லிமீட்டர் டைல்ஸ். நான்கு சேர்ந்தால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. 500 சதுர அடித் தளத்துக்கு மனக்கணக்கில் 32 பெட்டி போதும், நிஜத்தில் 33. அதன்மேல் வெட்டுச் சேதாரம். கோணல் மூலையுள்ள பழைய வீட்டில் அந்தச் சேதாரம் புது வீட்டைவிட அதிகம். ஒரு பெட்டி குறைந்து மறுபடி கடைக்குப் போனால் அதே ஷேடு கிடைக்காமல் போகலாம். பெட்டிக்கு எத்தனை சதுர அடி என்று ஒருமுறை எழுதிவைத்தால் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் தானாகச் சரியான எண்ணிக்கை வர வேண்டும். இந்த வசதி எக்செல்லில் உண்டு, சில பில்லிங் ஆப்களில் கிடையாது. அதனால்தான் எஸ்டிமேட்டுக்கு எக்செல், பில்லுக்கு ஆப் என்று இரண்டையும் வைத்திருப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வாசல், ஜன்னல் கழிவும் இப்படித்தான். பூச்சு அளக்கும்போது திறப்புகளைக் கழிப்பதா, முழுச் சுவராக எடுப்பதா என்று எத்தனை வீட்டில் சண்டை! இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 1200 இதற்கு வழி சொல்கிறது. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குக் கழிவு இல்லை. அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்தில் மட்டும் கழிவு. திறப்பின் உள்ளோரப் பூச்சுக்கு அது ஈடாகிவிடும். மூன்றுக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரப் பூச்சைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஏழுக்கு மூன்று அடி வாசல் 21 சதுர அடி, ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர். ஆகவே ஒரு பக்கம் மட்டும் கழிவு. எந்த முறையை வைத்துக்கொண்டாலும் அதை எஸ்டிமேட்டின் அடியில் ஒரு வரியாக அச்சிடுங்கள்.

லாபம் சேர்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடக்கம் 1,00,000 ரூபாய், 20 சதவீதம் லாபம் வேண்டும் என்று 1,20,000 ரூபாய் பில் போட்டால், பில் தொகையில் உங்கள் லாபம் 20 சதவீதம் ஆகாது, ஆறில் ஒரு பங்குதான். பில் தொகையில் 20 சதவீதம் நிற்க வேண்டும் என்றால் 1,25,000 ரூபாய் போட வேண்டும். மென்பொருளில் லாபச் சதவீதம் கேட்கும் கட்டம் இருந்தால், அது அடக்கத்தின் மேல் கூட்டுகிறதா, பில் தொகையிலிருந்து பிரிக்கிறதா என்று முதலில் சோதித்துப் பாருங்கள்.

இனி வரி. ஆல்ட்ரேஷன் செய்கிறவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தது. அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, 119-ஆம் உட்பிரிவு வொர்க்ஸ் கான்ட்ராக்ட் என்றால் என்ன என்று விளக்கும்போது, கட்டுவதோடு பழுதுபார்ப்பது, புதுப்பிப்பது, மாற்றியமைப்பது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. பொருளும் கூலியும் சேர்த்து எடுத்த வேலை முழுவதும் சேவை என்றே கொள்ளப்படும். ஆகவே நமக்குப் பதிவு வரம்பு ஆண்டு வரவு 20 லட்சம். 40 லட்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சரக்கு விற்கும் கடைக்காரருக்கு. வீட்டு வேலைக்கு வரி 18 சதவீதம், மாநில அரசுக்கு 9, மத்திய அரசுக்கு 9.

கூலிக்கு மட்டும் எடுத்தால் வரி இல்லை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் உண்மை. தனி வீடு ஒன்றைக் கூலிக்கு மட்டும் புதிதாகக் கட்டிக் கொடுத்தால் விலக்கு உண்டு. 2017-ன் 12-ஆம் எண் அறிவிப்பில் 11-ஆவது வரிசை. ஆனால் அந்த விலக்கு முதல் கட்டுமானப் பணிக்கு மட்டும். கைவிடப்பட்ட, சேதமடைந்த கட்டடத்தைப் புழங்கும்படி ஆக்கும் மாற்ற வேலையும் அதில் அடங்கும். குடியிருக்கும் வீட்டில் டைல்ஸை மாற்றுவதும் பூச்சைப் புதுப்பிப்பதும் அதில் அடங்காது. பிரதமரின் வீட்டு வசதித் திட்ட வீடுகளுக்குத் தனி வரிசை இருக்கிறது. ஆகவே பதிவு பெற்றவர் புது வீட்டுக் கூலி பில்லையும் ஆல்ட்ரேஷன் கூலி பில்லையும் ஒரே வார்ப்பில் அடித்தால், ஒன்றில் தப்பு நிச்சயம். ஒவ்வொரு வேலைக்கும் வரி நிலையைத் தனியாகக் குறிக்க முடிகிற மென்பொருள் வேண்டும். எந்த வேலை எந்த நிலை என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண்டு வரவு 50 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் காம்போசிஷன் முறையில் 6 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். அதில் வீட்டுக்காரரிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பில்லின் தலைப்பு டாக்ஸ் இன்வாய்ஸ் என்று இருக்கக் கூடாது, பில் ஆஃப் சப்ளை என்று இருக்க வேண்டும். சிமென்டும் கம்பியும் வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. ஆப்பை முதலில் திறந்து விவரம் கொடுக்கும்போதே இதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், அது தன்பாட்டுக்கு 18 சதவீதம் போட்டு டாக்ஸ் இன்வாய்ஸ் அடித்துத் தள்ளும்.

முன்பணமும் கவனிக்க வேண்டியது. சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய போதே அதற்கு வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது. அதற்கு ரிசீப்ட் வவுச்சர் கொடுக்க வேண்டும். சரக்குக் கடைக்காரருக்கு இது இல்லை என்பதால், கடைக்காரருக்காகச் செய்த ஆப்களில் இந்த வழி சில நேரம் ஒளிந்திருக்கும். தேடிப் பாருங்கள். இன்னொன்று: ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, பல தவணையாக வாங்கினாலும் கூட. தவணைகளை ஒரே வேலையின் கீழ், ரொக்கம், யு.பி.ஐ., செக் என்று பிரித்துக் காட்டும் பக்கம் உங்களை அதிலிருந்து காப்பாற்றும்.

எஸ்டிமேட்டில் "வரி தனி" என்று எழுத மறந்தவருக்கு என்ன ஆகிறது? 3,00,000 ரூபாய்க்குப் பேசி முடித்த வேலை. வீட்டுக்காரர் அதற்கு மேல் தர மாட்டேன் என்றால், அந்தத் தொகைக்குள்ளேயே வரி 45,763 ரூபாய் இருப்பதாகத்தான் ஆகும். உங்களுக்கு நிற்பது 2,54,237 ரூபாய். பல வேலைகளில் முழு லாபமும் அதோடு போய்விடும்.

விலைப் பட்டியலை ஒரே இடத்தில் மாற்றும் வசதி ஏன் வேண்டும் என்பதற்குச் சிமென்ட்டே சாட்சி. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வரிக்கு முந்திய விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 320 ரூபாய் மூட்டை 295 ஆகிறது. பட்டியலில் ஒரு கட்டத்தை மாற்றினால் இனிமேல் போடும் எஸ்டிமேட்டுகளில் எல்லாம் புது விலை வர வேண்டும். அதே சமயம், ஏற்கெனவே அனுப்பிய பழைய எஸ்டிமேட்டுகள் தானாக மாறிவிடக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள்.

சரி, பெயர்களுக்கு வருவோம். பெங்களூரில் 1986-ல் தொடங்கிய டாலி நாட்டின் ஆடிட்டர்கள் எல்லோரும் அறிந்தது. கணக்கு வைக்க உறுதியானது. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் சாரத்தின் கீழே நின்று போனில் தட்டுவதற்கு அது பிறக்கவில்லை. வியாபார், மைபில்புக் போன்ற போன் ஆப்கள் எளிமையானவை. எஸ்டிமேட்டை அப்படியே பில்லாக மாற்றும், வாட்ஸ்அப்பில் அனுப்பும். அவற்றின் வேர் கடைத் தொழிலில் இருப்பதால் நீளம், அகலம் எழுதும் கட்டங்களையும் கூடுதல் வேலையைத் தனியாக வைக்கும் வழியையும் நீங்கள் தேடித்தான் பார்க்க வேண்டும். நம் தமிழ்நாட்டின் ஜோஹோவிடம் இரண்டு இருக்கின்றன: ஜோஹோ இன்வாய்ஸ் இலவசம், ஜோஹோ புக்ஸ் முழுக் கணக்குக்கு. ஆண்டு வரவு 1.5 கோடிக்கு உட்பட்டவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் பில்லிங் மென்பொருள்களை ஜி.எஸ்.டி. வலைத்தளமே அறிமுகப்படுத்தியிருக்கிறது, அதையும் பாருங்கள்.

அமெரிக்காவில் வீடு புதுப்பிக்கும் சிறு ஒப்பந்ததாரர்களுக்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் 2006-ல் தொடங்கிய பில்டர்டிரெண்ட் அவற்றில் ஒன்று. கூடுதல் வேலைக்கு அதில் தனிப் பக்கமே உண்டு: வேலையை எழுதி, தொகை போட்டு, வீட்டுக்காரர் போனிலேயே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் அது பில்லுக்குள் போகும். அந்த வழக்கத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். மென்பொருளை வாங்க வேண்டியதில்லை. டாலரில் மாதச் சந்தா, அந்நாட்டு விற்பனை வரி, அந்நாட்டு வீட்டு முறை, நம் ஜி.எஸ்.டி. கணக்குக்கு அது உதவாது.

வெளிநாட்டுக் கம்பெனியை நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே பல சிறு தொழில்கள் பயன்படுத்திய குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளை, இன்ட்யூட் நிறுவனம் 2023-ல் இந்தியாவில் நிறுத்திவிட்டது. முன்கூட்டிச் சொல்லி, கணக்கை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தது உண்மைதான். ஆனாலும் வருஷக் கணக்காகச் சேர்ந்த பில்லும் வாடிக்கையாளர் விவரமும் வேறு இடத்துக்கு மாற வேண்டியதாயிற்று. உள்நாட்டுக் கம்பெனிக்கும் இது நேரலாம். ஆகவே சந்தா கட்டும் முன்பே, உள்ளே போட்ட எல்லாவற்றையும் எக்செல்லாக வெளியே எடுத்துப் பாருங்கள். பில் தலைப்பு மட்டும் வந்து, உள்ளே உள்ள வேலை வரிகள் வராவிட்டால், அதை வாங்காதீர்கள்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்டிமேட் வீட்டுக்காரருக்குப் புரிய வேண்டும். அறுபது வயது நெசவாளர் தம் சேமிப்பை உங்களிடம் கொடுக்கிறார். "பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, 20 மி.மீ. கனத்தில் புதுப் பூச்சு, குப்பை அப்புறப்படுத்துவது உட்பட" என்று தமிழில் இருந்தால் அவர் படித்துத் தலையாட்டுவார். ஆப்பில் தமிழில் தட்டலாம், பி.டி.எஃப். ஆக்கும்போதுதான் சிலவற்றில் எழுத்து உடையும், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். "கொத்தனார்", "சென்ட்ரிங்", "தளம்" என்று மூன்று சொல் தட்டி, அச்செடுத்துப் பாருங்கள். அந்த ஒரு சோதனை போதும்.

சேவைக்குப் பில் தராமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே பில் கொடுப்பது வீட்டுக்காரருக்கு நீங்கள் காட்டும் சலுகை இல்லை, அவருடைய உரிமை. அதே பில் உங்களுக்கும் அரண். பாக்கித் தொகையைக் கேட்டு எங்கே போனாலும், முதலில் எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போன வருஷம் நீங்கள் முடித்த ஆல்ட்ரேஷன் வேலைகளில், கைப்பணம் போன வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நோட்டு, கடைப் பில், ஆள் கூலி எழுதிய தாள் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். மென்பொருளின் இலவசக் காலத்தில் அந்த ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை உள்ளே போடுங்கள்: எஸ்டிமேட், முன்பணம், ஒவ்வொரு கூடுதல் வேலை, கடைக்குக் கொடுத்தது, கொத்தனாருக்கும் பெரியாளுக்கும் சித்தாளுக்கும் கொடுத்தது, கடைசிப் பில், நின்றுபோன பாக்கி. போட்டு முடித்ததும், எந்த இனத்தில் எவ்வளவு நழுவியது என்று அது காட்ட வேண்டும். காட்டினால் பணம் கொடுத்து வாங்குங்கள். விற்பனையாளர் தன் மாதிரிக் கணக்கைக் காட்டிப் பேசினால், அதைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் கணக்கைப் போடச் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத தெருவில் வேலை நடக்கும்போது இணையம் இல்லாமல் பதிய முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

யார் தட்டுவது என்று நீங்கள் கேட்பீர்கள். பல வீடுகளில் மனைவியோ மகளோ கணக்கு எழுதுகிறார். அவருக்குத் தனி நுழைவு வசதி இருக்கட்டும். இரண்டு போன் சேரும் திட்டத்தையே வாங்குங்கள். வேலை இடத்தில் நீங்கள் கூடுதல் வேலையைப் பதிவீர்கள், வீட்டில் அவர் கடைப் பில்லை ஏற்றுவார். ஆப்பைப் போட்டுத் தந்த பையனின் போன் எண்ணிலும் மின்னஞ்சலிலும் கணக்கைத் திறக்காதீர்கள். அவன் வேறு வேலைக்குப் போய்விட்டால் உங்கள் தொழில் விவரம் முழுதும் அவன் எண்ணில் பூட்டிக் கிடக்கும்.

மென்பொருள் வாங்க மாதங்கள் ஆகலாம். ஆனால் நாளைக் காலையில் நீங்கள் கொடுக்கப்போகும் எஸ்டிமேட்டின் அடியில், கையால் எழுதினாலும் சரி, இந்த வரிகளை எழுதிவிடுங்கள். சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: "இந்தத் தொகையில் ஜி.எஸ்.டி. சேரும், அல்லது சேராது." ஒன்றை அடித்துவிடுங்கள். "பூச்சின் கனம் இவ்வளவு, அதற்கு மேல் போனால் மூட்டைக் கணக்கில் தனி." "வாசல், ஜன்னல் கழிவு இந்த முறைப்படி." "இதில் எழுதாத வேலை எதுவானாலும், அதற்குத் தனி எஸ்டிமேட் கொடுத்து, உங்கள் ஒப்புதல் கிடைத்த பிறகே தொடங்கப்படும்." கீழே இரண்டு பேர் கையெழுத்து, தேதி.

இனி உங்கள் எஸ்டிமேட் நோட்டுகளை எடுங்கள். ஒரு வேலையை இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.